எட்டணாப் பந்து

புதுச்சேரியில் இன்று நேரு வீதியென்றும் பிரெஞ்சுக்காரர் காலத்தில் துய்ப்ளேக்ஸ் வீதியென்றும் வழங்கிய கடைத்தெருவிலிருந்து சற்றே ஒதுங்கிய ஒரு சந்தின் முனையில், பழைய வீடொன்றின் திண்ணையோரம் சாக்கு விரித்து உட்கார்ந்து செருப்புத் தைக்கும் பெரியவரிடம், சென்ற கோடையில் ஒரு மாலை, என் செருப்பின் வார் அறுந்துபோன காரணத்தால் நான் காத்து நிற்க நேர்ந்தது. அப்போது நாலைந்து பையன்கள் மூச்சிரைக்க ஓடிவந்து, தையல் பிரிந்து வாய்பிளந்து கிடந்த ஒரு சிவப்புப் பந்தை அவர் முன் நீட்டினார்கள். "ரெண்டு ஓவர்கூட ஆவல தாத்தா, பிச்சிக்கிச்சு" என்றான் ஒருவன். பெரியவர் என் செருப்பைக் கீழே வைத்துவிட்டுப் பந்தை வாங்கி, முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, மெழுகு தடவிய நூலைக் குத்தூசியின் கொக்கியில் மாட்டி, பழைய துளைகளை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து அவற்றின் வழியாகவே நூலை இழுத்து இறுக்கினார். கடைசி முடிச்சைக் கட்டைவிரலால் அமுக்கிக் கல்லின்மேல் இரண்டு முறை உருட்டிப் பார்த்த பிறகுதான் கொடுத்தார். "தோலு நல்ல தோலு இல்லடா" என்று ஒரு சொல்லும் சேர்த்தே கொடுத்தார். பையன்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டே ஓடிப்போனார்கள்.

அந்தப் பந்து அத்தனை கைகளிலும் மாறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பல்வங்கர் பாலுவின் ஞாபகம் வந்தது. அவரும் தோல் பதனிட்டுச் செருப்புத் தைக்கும் சமூகத்தில் பிறந்தவர். இந்தியாவில் கிரிக்கெட் ஆட்டத்தின் முதல் பெரிய பந்துவீச்சாளர் யார் என்று கேட்டால், சரித்திரம் அறிந்தவர்கள் ராஜாக்களையும் நவாபுகளையும் தள்ளிவைத்துவிட்டு அவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

கிரிக்கெட்டைப் பற்றிப் பேசப் புதுச்சேரிக்காரனுக்கு என்ன யோக்கியதை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இங்கிலீஷ்காரன் போன இடமெல்லாம் மட்டையும் பந்தும் போயின. பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரிலோ கால்பந்தும், இரும்புக் குண்டை வீசி ஆடும் பெத்தாங்கும் வேரூன்றின. புதுச்சேரி என்ற பெயரில் ஓர் அணி ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் அடியெடுத்து வைத்ததே 2018-ஆம் ஆண்டில்தான். ஆனால் பாலுவின் பால்யத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர் கதை எங்கள் ஊர்க் கதையைப் போலவே எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் ஆட்டம் அல்ல, தோல்.

1873-ஆம் ஆண்டில் புதுச்சேரி நியாயஸ்தலத்தில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியப் பாணியில் பூட்ஸும் காலுறையும் அணிந்து பிரவேசித்தார். சுதேசிகள் வெறுங்காலோடோ தங்கள் வழக்கப்படியான செருப்போடோதான் வரவேண்டும் என்று ஆக்ஷேபம் எழுந்தது. பிள்ளை பூட்ஸைக் கழற்றவில்லை. வழக்கைப் பாரீஸ் உச்ச நியாயஸ்தலம் வரையில் கொண்டுபோய் ஜெயித்தார். பிறகு 1881 செப்டம்பரில், தம்முடைய ஜாதி, மத சம்பந்தமான தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கிறவர்கள் பிரெஞ்சுப் பிரஜைகளுக்குச் சமானமாவார்கள் என்ற ஆணை பிறந்தபோது, அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்று, வாசற்கதவு என்று பொருள்படும் 'லப்போர்த்' என்ற பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். அந்தப் பெயரில் இன்றும் ஊரில் ஒரு வீதி இருக்கிறது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடலோரமாக இருந்ததை வெள்ளை நகரமென்றும், மேற்கே நாம் குடியிருந்ததைக் கறுப்பு நகரமென்றும் பிரெஞ்சுக்காரர் பெயரிட்டிருந்த காலம் அது. கறுப்பு நகரத்துக் கால் ஒன்று தோலைப் போர்த்திக்கொண்டு நியாயஸ்தலத்துக்குள் நுழைந்ததற்கே அத்தனை ரகளை. அந்தத் தோலைத் தைத்த கையைப் பற்றி இருதரப்பு வக்கீல்களில் எவரும் பிரஸ்தாபிக்கவில்லை.

இந்த வழக்குக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, இங்கிருந்து வெகு தூரத்தில், தார்வாரில் பிறந்தவர் பாலு. குடும்பத்தின் பூர்வீகம் கொங்கணக் கரையில் ரத்னகிரிப் பக்கத்துப் பல்வண் என்ற கிராமம். பல்வங்கர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. சமார் என்று வடக்கே வழங்கும் அந்தச் சமூகத்தாருக்குச் செத்த மாட்டின் தோலை உரிப்பதும் பதனிடுவதும் விதிக்கப்பட்ட தொழில்கள். ஊர்க்கிணற்றில் நீர் மொள்ளவும் கோயில் வாசலில் நிற்கவும் அவர்களுக்குப் பாத்தியதை இல்லை. தந்தையார் படைத்துறையில் வேலை பார்த்தவர். அது எத்தனை சிறிய உத்தியோகமானாலும், கிராமத்தின் கட்டுமானத்திலிருந்து ஒரு குடும்பத்தை வெளியே எடுத்துக் கண்டோன்மெண்டின் ஓரத்தில் நட்டுவிடும் சக்தி அதற்கு இருந்தது. பாலுவும் தம்பி சிவராமும் பூனாவில் வெள்ளை அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு ஆடக் கற்றுக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் அதிக காலம் நீடிக்கவில்லை.

முதல் வேலை பார்ஸிகளின் கிரிக்கெட் சங்கம் ஒன்றில் கிடைத்தது. மைதானத்தைப் பெருக்கி, ஆடுகளத்தின்மேல் உருளையை இழுத்து, அங்கத்தினர்கள் பயிற்சி செய்ய வரும்போது சில பந்துகள் வீசிக் கொடுப்பதற்கு மாதம் 3 ரூபாய் சம்பளம். 1892-ஐ ஒட்டி அவர் ஐரோப்பியர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். அங்கே 4 ரூபாய். வேலை என்னவோ ஏறக்குறைய அதேதான்: வலை கட்டுவது, உருளை இழுப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது, டென்னிஸ் மைதானங்களுக்குக் குறியிடுவது. பந்துவீசுவது அந்த ஜாபிதாவில் கடைசியாக வந்து ஒட்டிக்கொண்ட ஒரு காரியம். டிராஸ் என்ற ஒரு வெள்ளைக்காரர், இந்தப் பையனைக் கொஞ்சம் வீசச் சொல்லிப் பார்க்கலாமே என்று நினைத்ததால் அது நேர்ந்தது.

அவர் இடதுகையால் வீசினார். நம் தேசத்தில் இடதுகை எதற்கெல்லாம் ஆகாது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. இடங்கை, வலங்கை என்று ஜாதிகளே இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒரு ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்பதற்காக மண்டையை உடைத்துக்கொண்ட கிழக்குக் கரையைச் சேர்ந்தவன் நான். அந்த ஆகாத கையில்தான் பாலுவின் வித்தை முழுவதும் இருந்தது. பார்ட்டன் என்ற ஒரு ராணுவக் காப்டனுடைய வீச்சை ஊன்றிக் கவனித்து, அதன் லாகவத்தைத் தம்முடையதாக்கிக்கொண்டார் என்பார்கள். நிதானமான நடை, அலட்டிக்கொள்ளாத கைச்சுழற்சி. பந்து மட்டும் ஒருமுறை உள்ளே திரும்பும், ஒருமுறை வெளியே விலகும், மற்றொருமுறை எதுவும் செய்யாமல் நேரே போய்க் குச்சியைச் சாய்க்கும். ஒரே இடத்தில் நூறு பந்தை விழவைக்கவும், நூற்றொன்றாவதை நாலு விரற்கடை முன்னால் விழவைத்து மட்டைக்காரனை ஏமாற்றவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்துப் பூனாவில் வெள்ளையர்களுக்குள்ளே பேர்பெற்ற மட்டையாளர் காப்டன் கிரெய்க். ஹாம்ப்ஷயர் அணிக்கு ஆடியவர். சிறிய உருவம், சுறுசுறுப்பான கால். (பிற்காலத்தில் இவர் பட்டாளத்தை விட்டு நீங்கிக் கத்தோலிக்கப் பாதிரியாரானார் என்பது, பாதிரிமார்களுக்குப் பஞ்சமில்லாத எங்கள் ஊர்க்காரர்களுக்கு ருசிக்கக்கூடிய செய்தி.) மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி முன்னதாகவே வலைக்கு வந்து, பாலுவை மட்டும் வீசச் சொல்லிப் பயிற்சி செய்வது அவருடைய வழக்கம். தம்மை ஒருமுறை வீழ்த்தினால் எட்டணா என்று கிரெய்க் பந்தயம் வைத்திருந்தார் என்று கர்ணபரம்பரையாக ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும். அதன் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். எட்டு முறை வீழ்த்தினால் 4 ரூபாய், அதாவது ஒரு மாதம் முழுவதும் உருளை இழுத்ததற்கான கூலி. ஓர் ஏழைப் பையனுடைய கவனத்தைக் கூர்மையாக்க இதைவிடப் பெரிய குருகுலம் இருக்க முடியாது. தன் ஆட்டத்தைத் தீட்டிக்கொள்வதாக கிரெய்க் எண்ணியிருக்கலாம். எதிரே நின்றவருடைய ஆட்டமும் அதே கல்லில் தீட்டப்பட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். மணிக்கணக்கில், நாட்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அந்தக் கிளப்பின் வலையில் பந்துவீசிய பாலுவின் கையில் ஒருநாள்கூட மட்டை கொடுக்கப்படவில்லை. இது மறதியால் நேர்ந்ததல்ல. கிரிக்கெட் என்ற ஆட்டத்துக்குள்ளேயே ஒரு வர்ணாசிரமம் ஒளிந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மட்டை பிடிப்பது எஜமானனின் காரியம், அவன் நின்ற இடத்தில் நிற்பான், வருவதை அடிப்பான், அடித்ததை எடுத்துவர வேறு ஆள் ஓடுவான். பந்துவீச்சோ உழைப்பு. முதுகு வளையவேண்டும், வியர்வை சிந்தவேண்டும், விரல் தேயவேண்டும். சீமையிலேயே பிரபுக்கள் மட்டை பிடிக்கத் தொழிலாளிகள் பந்துவீசிய காலம் ஒன்று உண்டு. பூனாவில் அந்த ஏற்பாடு நம்முடைய ஜாதி வழக்கத்தோடு, உறையில் வாள் பொருந்துவதுபோல் பொருந்திக்கொண்டது. வெள்ளைக்காரன் பாலுவை வீசவிட்டது சமத்துவ புத்தியினால் என்று சிலர் எழுதுகிறார்கள். அவன் வேலைக்காரனை வேலை வாங்கினான், அவ்வளவுதான். அந்த வேலைக்குள்ளிருந்தே ஒரு வித்தையைக் களவாடிக்கொண்டது பாலுவின் சாமர்த்தியம்.

ஏறக்குறைய அதே தலைமுறையில், கடலுக்கு அப்பால் அமெரிக்காவில், மோஸஸ் வாக்கர் என்ற கறுப்பர் 1884-இல் டொலீடோ நகர அணிக்காகப் பெரிய பேஸ்பால் போட்டிகளில் ஆடினார். அதற்குப் பின் அந்தக் கதவு சாத்தப்பட்டு, 1947-இல் ஜாக்கி ராபின்சன் வந்து திறக்கும்வரை அறுபது ஆண்டுகளுக்கு மேல் சாத்தியே கிடந்தது. அங்கே கறுப்பர்களை மைதானத்துக்குள்ளேயே விடவில்லை. நம்மவர்கள் அவ்வளவு முரட்டுத்தனமானவர்கள் அல்லர். மைதானத்துக்குள் விட்டுவிட்டு, மைதானத்தின் ஓரத்தில் கோடு கிழித்தார்கள்.

அந்தக் கோடு கிழிக்கப்பட்ட விதத்தைச் சொல்கிறேன். பூனாவில் இந்துக்களுக்கென்று ஒரு கிரிக்கெட் சங்கம் இருந்தது. ஐரோப்பியர்களைத் தோற்கடிப்பது அதன் பெருங்கனவு. அந்தக் கனவு பலிக்கவேண்டுமானால், அந்த ஐரோப்பியர்களின் வலையிலேயே அவர்களை நாள்தோறும் திணறடித்துக்கொண்டிருந்த பாலுவைச் சேர்த்துக்கொண்டாக வேண்டும். ஆனால் அவர் சமார். அங்கத்தினர்களில் பிராமணர்கள் முரண்டினார்கள், தெலுங்கர்கள் சிலர் வேண்டும் என்று வாதாடினார்கள், கிரெய்கும் எடுத்துச் சொன்னார் என்பது வழக்கு. கடைசியில் அகௌரவத்தைவிடத் தோல்வி அதிகமாக உறுத்தியது போலும், சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்த்துக்கொண்டு என்ன செய்தார்கள்? ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். அவர் எச்சில் தொட்டுத் துடைத்துப் பளபளப்பேற்றிய பந்தைப் பிடித்து, கையோடு கை உரச வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பந்து என்ன பொருளால் ஆனது? உள்ளே தக்கையும் நூலும், வெளியே பதனிட்டுச் சாயமேற்றிய மாட்டுத்தோல். வைதிகர்கள் கால்சராயில் தேய்த்துத் தேய்த்து மினுக்கிக்கொண்டிருந்தது அதைத்தான். தேநீர் வேளை வந்ததும் அவர்கள் படியேறிக் கட்டடத்துக்குள் போனார்கள். பாலு வெளியே நின்றார். அவருக்குத் தேநீர், குடித்ததும் எறிந்துவிடக்கூடிய மண்கலயத்தில் வெளியே வந்தது. முகம் கழுவ வேண்டுமானால் மைதானத்தின் மூலையில் தீண்டாத வகுப்பைச் சேர்ந்த ஒரு வேலையாள் செம்பில் தண்ணீர் ஊற்றினான். சாப்பாடு தனித் தட்டில், தனி மேஜையில். கை உள்ளே வரலாம், வாய் உள்ளே வரக்கூடாது என்பது ஏற்பாடு.

இதைப் படித்துவிட்டு மகாராஷ்டிரத்தாரைப் பார்த்து நாம் தலையாட்டுவதற்கு இடமில்லை. எங்கள் ஊர்ச் சம்பா கோயிலென்ற கிறிஸ்தவ ஆலயத்தில் ஜாதிக் கிறிஸ்தவர்களுக்கும் பறையர்களுக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள் என்பதையும், 1745-இல் தாழ்த்தப்பட்டோர் முறையிட்டதன் பேரில் பாதிரியார் அதை இடித்ததையும், அதனால் கோயிலுக்குள்ளேயே விளைந்த கலகத்தையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஒரே கடவுள், ஒரே பூசை, நடுவே ஒரு சுவர். பூனா மைதானத்துக்காரர்களுக்குச் சுவர்கூடத் தேவைப்படவில்லை, ஒரு மண்கலயமே போதுமானதாக இருந்தது.

பாலு வந்ததும் இந்துக்கள் ஜெயிக்கத் தொடங்கினார்கள். வெளியூர் ஆட்டங்களில் ஒன்று சதாராவில் நடந்தது. அங்கே வெள்ளையர்களின் ஜிம்கானா, அவர் பந்து திரும்பாமல் இருக்கவேண்டுமென்றே நாட்கணக்கில் உருளை இழுத்து ஆடுகளத்தைச் சிமெண்டுத் தரையாக்கி வைத்திருந்தது. உருளை இழுத்துப் பழகியவருக்கு உருளையின் சூட்சுமம் தெரியாதா? 7 விக்கெட் எடுத்தார். இந்த வெற்றிக்குப் பிறகு நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே, பாலுவோடு ஆடமுடியுமானால் அவரோடு உண்ணவும் பருகவும் முடியவேண்டும் என்று உயர்ஜாதி ஆட்டக்காரர்களுக்கு எடுத்துரைத்தார். சபையில் அவருக்கு மாலை சூட்டினார். சமூக வழக்கங்களில் ரானடேயோடு எப்போதும் மல்லுக்கு நின்ற திலகரும் இந்த ஒன்றில் பாலுவைப் புகழ்ந்தார். அந்த இருவரையும் ஒரே வார்த்தை சொல்லவைத்தது சாமானிய சாதனை அல்ல.

1896-இல் தொடங்கிப் பூனாவைப் பிளேக் கவ்வியது. பாலுவின் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. அங்கே ரயில்வே உத்தியோகமும், பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானாவில் இடமும் கிடைத்தன. குஜராத்தி அங்கத்தினர்கள் சிலர் முகம் சுளித்தபோதிலும், அணித்தலைவர் கீர்த்திகர் அவர் வந்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

பம்பாய் ஆட்டத்தின் அமைப்பு புதுச்சேரிக்காரனுக்கு உடனே விளங்கும். அங்கே அணிகள் ஊரால் அல்ல, பிறப்பால் பிரிந்தன: ஐரோப்பியர், பார்ஸிகள், வருடாந்தரப் போட்டியில் 1907 முதல் இந்துக்கள், 1912 முதல் முஸ்லிம்கள். எங்கள் ஊரிலும் 1884-இல் வாக்காளர்களை ஐரோப்பியர், சட்டம் துறந்தோர், துறவாதோர் என்று மூன்று ஜாபிதாவாகப் பிரித்துத் தேர்தல் என்ற ஆட்டத்தை ஆடவிட்டார்கள். இரண்டு ராஜாங்கங்களும் சுதேசிகளைத் தனித்தனிக் கூண்டில் வைத்தே பழகியவை. ஆனால் பம்பாய்க் கூண்டில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. இந்து என்ற பெயரில் ஓர் அணி இறங்கவேண்டுமென்றால், இந்து என்பவன் யார் என்று ஒருவர் தீர்மானிக்கவேண்டும். தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்டவரே அந்த அணியின் பலம் என்றால், பதில் சொல்வது சங்கடமாகிவிடுகிறது.

பிற்கால விவரங்களை ஓட்டமாகவே சொல்லிவிடலாம். 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற முதல் அகில இந்திய அணியில் பாலுவும் சிவராமும் இருந்தார்கள். தோற்ற ஆட்டங்களே அதிகமான அந்தப் பயணத்தில், தோள்வலியோடு வீசிய பாலு மட்டும் 114 விக்கெட்டுகளைச் சராசரி 18.84 ஓட்டத்துக்கு வீழ்த்தினார். திரும்பிவந்தபோது தாழ்த்தப்பட்டோர் அளித்த வரவேற்பில் முன்னின்றவர்களில் ஒருவர் எல்பின்ஸ்டன் கல்லூரி மாணவரான பீமராவ் அம்பேத்கர். இருபத்தாறு ஆண்டு கழித்து, 1937 தேர்தலில் பம்பாயில் அதே அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் சார்பில் நின்ற பாலு, 13,245-க்கு 11,225 என்ற கணக்கில் தோற்றார். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்து எட்டு மாதமான பிறகு, 1955 ஜூலையில் காலமானார்.

இளமையின் கடைசி அத்தியாயத்தை நான் வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். 1906 பிப்ரவரியில் இந்துக்களும் ஐரோப்பியர்களும் பம்பாயில் மோதினார்கள். இந்துக்கள் 242-ம் 160-ம், ஐரோப்பியர்கள் 191-ம் 102-ம் எடுத்தனர். 109 ஓட்டத்தில் இந்துக்கள் ஜெயித்தார்கள். ஜெயித்த பதினொருவரில் இருவர் சமார் சகோதரர்கள். அப்போது பம்பாயிலிருந்து 'இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்' என்ற பத்திரிகையை நடத்திவந்தவர் நம் தஞ்சாவூர்ச் சீமையைச் சேர்ந்த காமாட்சி நடராஜன். சென்னையில் 1890-இல் தோன்றி, அவரோடு பம்பாய்க்குப் போன பத்திரிகை அது. ஓட்டக் கணக்கை மற்றவர்கள் எழுதட்டும் என்று விட்டுவிட்டு, அது வேறொரு கணக்கை எழுதியது: இந்த இரு சகோதரர்களை ஜிம்கானா சேர்த்துக்கொண்டது, ஆயிரக்கணக்கான இந்து இளைஞர்களின் மனத்தை விசாலமாக்குவதில் மற்ற எல்லா முயற்சிகளையும் விட அதிகமாகச் சாதித்துவிட்டது என்பது அதன் கட்சி. பூனாவில் மண்கலயத்தோடு வெளியே நின்றவர், பம்பாயில் மற்ற ஆட்டக்காரர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து உண்டார்.

அந்த மேஜையில் அவரோடு உண்டவர்கள், அணித்தலைமை யாருக்கு என்ற பேச்சு ஒவ்வோர் ஆண்டும் எழுந்தபோது, ஒவ்வோர் ஆண்டும் வேறொரு பெயரைச் சொன்னார்கள். 1923-இல் அது பல்வங்கர் வீட்டுக்கு வந்தது, தம்பி விட்டலுக்கு. பாலு அதற்குள் ஆடுவதை நிறுத்தியிருந்தார்.